மணி அடித்துவிட்டது, ஹால் டிக்கெட்டைக் காணோம்

காலை பத்து மணிக்குக் கணக்குப் பரீட்சை. பள்ளிக்கூட கேட்டைச் சாத்திவிட்டார்கள். வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போனால் எந்த அறை என்று தெரியவில்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் பட்டியலில் எல்லோருடைய நம்பரும் இருக்கிறது, தன் நம்பர் மட்டும் இல்லை. எப்படியோ ஓர் அறையில் இடம்பிடித்து உட்கார்ந்து கேள்வித்தாளைப் பிரித்தால், வருஷம் முழுக்க எட்டிக்கூடப் பார்க்காத ஒரு வகுப்பின் பாடம் அதில் இருக்கிறது. பேனா எழுத மறுக்கிறது. பக்கத்து பெஞ்சுக்காரி அதற்குள் அடிஷனல் ஷீட் கேட்டு எழுந்து நிற்கிறாள்.

பரீட்சை எழுத வந்திருப்பவருக்கு வயது நாற்பத்தேழு. தலை நரைத்துவிட்டது. வீட்டுக் கடனில் பாதியை அடைத்துவிட்டார். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். இதெல்லாம் கனவிலேயே அவருக்குத் தெரியும். “சார், நான் டிகிரி முடிச்சு, வேலைக்கே சேர்ந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சே” என்று சொல்லியும் பார்க்கிறார். அறைக் கண்காணிப்பாளர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. “உட்காரு, எழுது” என்கிறார்.

விழித்த பிறகும் நெஞ்சு படபடக்கிறது. படிப்பெல்லாம் முடிந்துபோன கதை, இனி யாரும் நம்மைப் பிடித்துப் பரீட்சைக்கு உட்காரவைக்க முடியாது என்று மனசுக்குச் சொல்லிப் புரியவைக்கச் சற்று நேரமாகிறது.

நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இந்தக் கனவைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். “உனக்குமா?” என்று கேட்காதவர்கள் குறைவு. ஆளுக்கு ஆள் விவரம்தான் மாறும். பொறியியல் படித்தவர்களுக்கு அது அரியராக வரும். வேலை கிடைத்து, கல்யாணம் முடிந்து, வீடும் கட்டிய பிறகு, மூன்றாவது செமஸ்டரில் ஒரு பேப்பரை எழுதவே இல்லை, அதனால் பட்டம் செல்லாது என்று கல்லூரியிலிருந்து கடிதம் வருகிறது. மருத்துவம் படித்தவர்களுக்கு வைவா. வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எதிரே உட்கார்ந்திருக்கிறார், வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. தமிழ்வழியில் ப்ளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போனவர்களுக்குக் கேள்வித்தாள் முழுவதும் புரியாத ஆங்கிலத்தில் இருக்கும். ஆசிரியர்களுக்கு வேறு மாதிரி: நாளைக்குப் பரீட்சை, பாதிப் பாடத்தை நடத்தவே இல்லை. மேடை நாடகக்காரர்களுக்குத் திரை விலகிவிடும், வசனம் ஒரு வரிகூட நினைவுக்கு வராது. காட்சி எதுவானாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் தயாராக இல்லை.

இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. நல்லபடியாக வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு மனிதரை, பதினாறு பதினேழு வயதில் பட்ட பயம் பாதி ஆயுளுக்குப் பிறகும் தூக்கத்தில் வந்து உலுக்குகிறது. அந்தப் பயத்தை அவருக்குள் வைத்தது யார், எப்படி வைத்தார்கள் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தேறியவர்களுக்கு வரும் கனவு

இந்தக் கனவை அக்கறையோடு ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர், வியன்னாவின் சிக்மண்ட் ஃப்ராய்ட். கனவுகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1899 நவம்பரில் வெளிவந்தது. முகப்பில் 1900 என்று ஆண்டு போட்டிருந்தார்கள். அந்த ஊரில் பள்ளி இறுதித் தேர்வுக்கு மட்டூரா என்று பெயர். நம் ப்ளஸ் டூ மாதிரி, அதைத் தாண்டினால்தான் பல்கலைக்கழகம். மட்டூராவில் தேறியவர்கள், பிற்காலத்தில் அதில் தோற்றுவிட்டதாகவும் மறுபடி எழுதச் சொல்வதாகவும் கனவு கண்டு தவிப்பதை அவர் பதிவு செய்திருக்கிறார். நான் எத்தனையோ வருஷமாக வைத்தியம் பார்க்கிறேனே, பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேனே, ஓர் அலுவலகத்துக்கே தலைவனாக இருக்கிறேனே என்று அவர்கள் தூக்கத்துக்குள்ளேயே வாதாடுவதையும், அந்த வாதம் எடுபடாமல் போவதையும்கூட எழுதியிருக்கிறார். வியன்னாவின் டாக்டர் சொன்ன அதே சமாதானத்தைத்தான் நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து நம் ஊர் நாற்பத்தேழு வயதுக்காரரும் தூக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஃப்ராய்டின் சகாவான வில்ஹெல்ம் ஸ்டெக்கல் இதில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மட்டூராக் கனவு வருவது அதில் தேறியவர்களுக்குத்தான், தோற்றவர்களுக்கு வருவதில்லை என்றார். ஃப்ராய்டின் சொந்த அனுபவமும் அதற்கு ஒத்துப்போனது. சட்ட மருத்துவப் பாடத்தில் அவர் தோற்றிருக்கிறார். அந்தப் பரீட்சை ஒருநாளும் அவர் கனவில் வந்ததில்லை. தாவரவியல், விலங்கியல், வேதியியல் தேர்வுகளுக்குப் பயந்துகொண்டே போய் எப்படியோ தப்பித்தார். அவைதான் திரும்பத் திரும்ப வந்தன. பள்ளிக்கூடக் கனவென்றால் எப்போதும் வரலாற்றுப் பரீட்சை. உண்மையில் அவர் பிரமாதமாகச் செய்த பரீட்சை அது. அதிலும் ஒரு கதை இருக்கிறது. கொடுத்த மூன்று கேள்விகளில் நடுக்கேள்வியின் மேல் நகத்தால் ஒரு கீறல் போட்டு, இதை வற்புறுத்திக் கேட்காதீர்கள் என்று ஆசிரியருக்குக் குறிப்புக் காட்டியிருந்தாராம். இரக்கமுள்ள அந்த ஆசிரியரும் அதைப் புரிந்துகொண்டார். பரீட்சையைப் பார்த்துப் பயந்த பையன்களில் ஃப்ராய்டும் ஒருவர்.

மறுநாள் பொறுப்பான ஒரு வேலை காத்திருக்கும்போது, அதில் அவமானப்பட்டுவிடுவோமோ என்று மனம் அஞ்சும்போது இந்தக் கனவு வருகிறது என்பது அவருடைய முடிவு. முன்பும் இப்படித்தான் பயந்தாய், ஒன்றும் ஆகவில்லையே என்று பழைய வெற்றி ஒன்றை எடுத்துக்காட்டி மனம் தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொள்கிறதாம். அதோடு இன்னொன்றும் சொன்னார், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சிறுவயதில் செய்த தப்புக்குப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பட்ட தண்டனையின் நினைவு நம்மை விட்டுப் போவதே இல்லை. பெரியவர்களான பிறகு ஒரு வேலையைச் சரியாகச் செய்யாமல் விட்டிருந்தால், அதன் விளைவு வந்து நம்மைத் தண்டிக்கப்போகிறது என்று தோன்றும்போது, அந்தப் பழைய தண்டனை பரீட்சை வேஷத்தில் வருகிறது.

ஸ்டெக்கல் சொன்னதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. பத்தாவது ஃபெயில் என்ற இரண்டு சொல்லைக் கல்யாணப் பேச்சிலும் வேலைக்கான மனுவிலும் சுமந்து திரிந்தவர்களுக்கு அந்தக் கனவு வராது என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? ஆனால் அவர் பார்த்த விசித்திரத்தின் மறுபாதி உண்மைதான். தேறிவிட்டால் பயம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறோம், தீர்வதில்லை. 2025-ல் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ எழுதியவர்களில் 95 சதவீதம் பேர் தேறினார்கள். தேறியவர்களுக்கு வரும் கனவு என்றால், நம் மாநிலம் ஆண்டுக்குப் பல லட்சம் பேரை அதற்குத் தயார்செய்து அனுப்புகிறது.

விடியற்காலைக் கனவு

விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும் என்பது நம் வீடுகளில் வெகுகாலமாக இருக்கும் நம்பிக்கை. எந்தச் சாமத்தில் கண்ட கனவு எவ்வளவு காலத்தில் பலிக்கும் என்று கணக்குச் சொல்லும் கனா நூல் ஒன்றே தமிழில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கெட்ட கனவைத் தேவந்தியிடம் சொல்வதற்கென்றே ஒரு காதை இருக்கிறது. பலிக்குமா என்ற கேள்வியை விட்டுவிடலாம். விடியற்காலைக் கனவுக்குத் தனி இடம் கொடுத்த நம் முன்னோரின் கவனிப்பில் மட்டும் தவறில்லை.

1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளெய்ட்மனும் ஒன்றைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். தூங்குகிறவரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் சில நேரங்களில் விரைவாக அசைகின்றன. அப்போது எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் தெளிவான கனவு ஒன்றைச் சொல்கிறார்கள். இந்தக் கண்ணசைவுத் தூக்கம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறது. முதல் சுற்றில் சில நிமிடங்களோடு முடிந்துவிடும். இரவு தேயத் தேய நீண்டுகொண்டே போய், விடியும் வேளையில் அரை மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். விடியலில் கனவு அதிகம், உடனே விழித்துக்கொள்வதால் நினைவிலும் தங்குகிறது. அலாரத்துக்குச் சற்று முன்னால் பரீட்சை மணி அடிப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்த நேரத்தில் பயத்தையும் உணர்ச்சியையும் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலா மும்முரமாக இயங்குகிறது. நெற்றிக்குப் பின்னால் இருந்து, இது நடக்குமா நடக்காதா என்று சரிபார்க்கும் பகுதி அடங்கிக் கிடக்கிறது. எனக்கு வயது நாற்பத்தேழு என்ற செய்தியும் நாளைக்குப் பரீட்சை என்ற செய்தியும் ஒன்றையொன்று இடிக்காமல் கனவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

1022-லிருந்து 13

சரி, பயப்பட உலகத்தில் எவ்வளவோ இருக்கும்போது பரீட்சைக்கு ஏன் இந்தத் தனி இடம்?

ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-ல் ஒரு சோதனை முறையை உருவாக்கினார்கள். ஆரோக்கியமான ஒருவரைச் சில நிமிடங்களில் மன அழுத்தத்துக்கு ஆளாக்கி, உடலில் என்ன நடக்கிறது என்று அளப்பது நோக்கம். என்ன செய்தார்கள் தெரியுமா? அடிக்கவில்லை, மின்சாரம் பாய்ச்சவில்லை. மேஜைக்குப் பின்னால் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சிலரை உட்காரவைத்தார்கள். அவர்கள் முன்னால் நின்று ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். பிறகு 1022-லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். தப்பாகச் சொன்னால் மறுபடி 1022-லிருந்து. பெரும்பாலானவர்களுக்கு இதயத்துடிப்பு ஏறியது, அழுத்த நேரத்தில் சுரக்கும் கார்ட்டிசால் கூடியது. இன்றுவரை உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் மனிதரை அழுத்தத்துக்கு உள்ளாக்கக் கையாளப்படும் முறை இதுதான். படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. நம் வகுப்பறைகளில் கரும்பலகை முன் ஒரு குழந்தையை நிறுத்தி வாய்ப்பாடு சொல்லச் சொல்லும்போது நடப்பதும் இதுவே அல்லவா?

2004-ல் சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், அதுவரை நடந்த 208 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கார்ட்டிசாலை மிக அதிகமாகக் கூட்டுவது இரண்டு அம்சங்கள் சேரும்போது என்று தெரிந்தது. ஒன்று, பிறர் நம்மை எடைபோடுவது. இன்னொன்று, என்ன முயன்றும் முடிவு நம் கையில் இல்லை என்ற நிலை. பொதுத்தேர்வில் இரண்டும் முழு அளவில் இருக்கின்றன. முகம் தெரியாத ஒருவர், எங்கோ ஒரு திருத்தும் மையத்தில் உட்கார்ந்து, நாம் யார் என்பதை ஓர் எண்ணாகப் போடப்போகிறார். ஊர் முழுக்க அந்த எண்ணைக் கேட்கப்போகிறது.

பயத்தோடு சேர்ந்த நினைவை மூளை ஆழமாகப் பதிக்கிறது. அதிலும் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையே நடந்தவைதான் பிற்காலத்தில் மிக அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். பொதுத்தேர்வுகள் வருவதும் அந்த வயதில்தான். பின்னாளில் இன்டர்வியூ, ஆண்டு மதிப்பீடு, புதிய மேலதிகாரி, மகளின் கல்யாணம், ஆபரேஷனுக்கு முந்தைய இரவு என்று எது வந்தாலும், எடைபோடப்படுகிறோம் என்ற உணர்வு எழுந்த உடனே மனம் தனக்குத் தெரிந்த பழைய அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பயத்தை முதன்முதலில் முறையாகக் கற்ற இடம் அது.

மார்ச் மாதம் வந்த வழி

இந்தப் பயம் இயற்கையாக முளைத்ததல்ல, அதற்கு வரலாறு இருக்கிறது. திண்ணைப் பள்ளியிலும் பயம் இருந்தது. அண்ணாந்தாள், கோதண்டம் என்று தண்டனைகளுக்குப் பெயர் வைத்து அடித்தார்கள். அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாகாணம் முழுவதும் ஒரே நாளில், ஒரே கேள்விக்கு, முகம் தெரியாதவர் முன் பதில் எழுதும் முறை அங்கே இல்லை. அது 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகமும் அதன் மெட்ரிகுலேஷன் தேர்வும் வந்தபோது வந்தது. அந்தத் தாளில் தேறினால் சர்க்கார் உத்தியோகம், தேறாவிட்டால் ஊரில் விவசாயம் என்று ஒரு கோடு விழுந்தது. பெயர்கள் மாறின. எஸ்.எஸ்.எல்.சி. வந்தது, பி.யூ.சி. போய் 1978-ல் ப்ளஸ் டூ வந்தது. அந்தக் கோடு அப்படியே நின்றது.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தக் கோட்டைத் தாண்டித்தான் இந்த மண்ணில் எத்தனையோ குடும்பங்கள் முதல் தலைமுறையாகத் தலை நிமிர்ந்தன. குலத்தொழிலிலிருந்தும் பண்ணை வேலையிலிருந்தும் வெளியே வர அந்த மதிப்பெண் பட்டியல்தான் வழியாக இருந்தது. அதனால் பரீட்சையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதே காரணத்தால்தான் பயமும் பெரிதானது. பையன் மட்டும் பரீட்சை எழுதவில்லை, அவன் பின்னால் வீடே உட்கார்ந்து எழுதியது. அடகில் இருக்கும் நகை, பால் விற்றுச் சேர்த்த ஃபீஸ், அக்காவின் நின்றுபோன படிப்பு எல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில் வந்து சேர்ந்தன.

ரிசல்ட் வந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் மாலைப் பத்திரிகையில் வரிசை வரிசையாகப் பதிவெண்கள் வரும். கடைத்தெருவில் பத்திரிகைக் கட்டு பிரியும்போதே கூட்டம் சூழ்ந்துகொள்ளும். எண் இருந்தால் பாஸ். இல்லாவிட்டால், இல்லை. கனவில் வரும் பட்டியலில் தன் நம்பர் மட்டும் இல்லாமல் போவது எங்கிருந்து வந்தது என்று அந்தத் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. பிறகு ஆயிரத்து இருநூறுக்கு எவ்வளவு என்ற காலம். பொறியியல், மருத்துவ நுழைவுத்தேர்வு 2007-ல் எடுக்கப்பட்டதும், ப்ளஸ் டூ மதிப்பெண்ணின் பாரம் இன்னும் ஏறியது. கட்-ஆஃபில் கால் மார்க் குறைந்தால் கல்லூரியே மாறியது. மாநில முதலிடம் பிடித்த பிள்ளைக்குப் பெற்றோர் இனிப்பு ஊட்டும் படம் ஆண்டுதோறும் முதல் பக்கத்தில் வந்தது. 2017-ல் தமிழக அரசு அந்த ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் அந்த ஆண்டிலிருந்தே மருத்துவப் படிப்புக்கு நீட் கட்டாயமாகி, பயம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

பள்ளிக்கூடக் கனவெல்லாம் பரீட்சைக் கனவும் அல்ல. ஃபீஸ் கட்டாதவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று சொன்ன காலையைக் கனவில் காண்கிறவர்கள் இருக்கிறார்கள். உதவித்தொகைப் படிவத்துக்காக வகுப்பு நடுவே சாதியைச் சத்தமாகக் கேட்டதை, கிழிந்த சீருடையை எல்லோரும் பார்த்ததை, பிரம்பு கையில் படும் முன் காற்றில் எழும் சத்தத்தை இன்னமும் தூக்கத்தில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 2009-ல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு மாணவர்களை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இன்று நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் அந்தச் சட்டத்துக்கு முன்னால் படித்து முடித்தவர்கள். அவர்கள் பட்டதை எந்தச் சட்டமும் திரும்பிப்போய்த் தடுக்கப்போவதில்லை. இவர்களிடம் போய், அது வெறும் கனவு, மறந்துவிடுங்கள் என்று சொல்வதை நான் கொடுமையாகவே நினைக்கிறேன்.

பாரிஸ் மாணவர்கள் சொன்னது

பரீட்சைக் கனவு நமக்கு மட்டுமான நோய் என்று நினைத்துவிடவும் வேண்டாம். 1958-ல் ஜப்பானிய, அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கனவுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோதே, பள்ளி, ஆசிரியர், படிப்பு பற்றிய கனவு இரு நாட்டிலும் முன்வரிசையில் நின்றது. 2003-ல் வெளியான கனடா ஆய்வொன்றில் மூன்று பல்கலைக்கழகங்களின் மாணவர்களைக் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் அந்தக் கனவு வந்ததாகச் சொன்னார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு பாரிஸில் நடந்தது. தூக்க மருத்துவர் இசபெல் ஆர்னுல்ஃபும் அவரது குழுவினரும் மருத்துவப் படிப்புக்கான கடுமையான போட்டித் தேர்வை எழுதிய மாணவர்களிடம் கேட்டு, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். பதில் அனுப்பியவர்கள் 719 பேர். அவர்களில் 60 சதவீதம் பேர் தேர்வுக்கு முந்தைய இரவு அந்தத் தேர்வைக் கனவில் கண்டிருந்தார்கள். அந்தக் கனவுகளில் 78 சதவீதத்தில் தேர்வில் ஏதோ ஒரு சிக்கல் வந்தது. தாமதமாகப் போவது, பதில் மறந்துபோவது என்று எல்லாம் நமக்குப் பழக்கமான காட்சிகள்தான். ஆனால் அந்த இரவில் தேர்வைக் கனவு கண்டவர்கள், காணாதவர்களைவிட நன்றாக எழுதியிருந்தார்கள். கனவு மதிப்பெண் போடாது, நிறைய அக்கறைப்பட்டவர்கள் நிறையப் படித்துமிருப்பார்கள். எப்படியானாலும், தோற்பதாகக் கனவு கண்டால் தோற்போம் என்று காலையில் வாடி நிற்கும் பிள்ளைக்கு இந்த ஒரு செய்தி போதும்.

ஃபின்லாந்தின் ஆன்ட்டி ரெவோன்சுவோ 2000-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆபத்தைத் தூக்கத்தில் நடித்துப் பார்த்து, விழித்திருக்கும்போது சமாளிக்கப் பழகிக்கொள்ளவே கனவு உருவானது என்றார். புலி துரத்திய காலத்தில் அது உதவியிருக்கலாம். ஆனால் எப்போதோ எழுதி முடித்த கணக்குப் பரீட்சைக்கு இன்னமும் ஒத்திகை எதற்கு என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. நான் ஃப்ராய்டின் பக்கமே சாய்கிறேன். ஒத்திகை பழைய பரீட்சைக்கு அல்ல, நாளை காலை காத்திருக்கும் ஏதோ ஒன்றுக்கு.

அதனால் கனவு வந்த காலையில், என்ன பாடம், எந்தப் பள்ளி என்று ஆராய்வதைவிட, இந்த வாரம் யார் நம்மை எடைபோடப்போகிறார்கள், எதைச் செய்யாமல் தள்ளிப்போட்டிருக்கிறோம் என்று யோசித்துப் பார்ப்பது பலன் தரும். பலருக்கு விடை உடனே கிடைத்துவிடும். அந்த வேலையை முடித்ததும் கனவும் சில காலம் விலகி நிற்கும்.

வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வந்து தூக்கத்தைக் கெடுத்தால், படுக்கப்போகவே பயமாக இருந்தால், பகல் வேலை பாதித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் மனச்சோர்வுக்கான மாத்திரைகளும்கூடக் கெட்ட கனவைக் கூட்டக்கூடும், அதையும் அவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருந்தில்லாத ஒரு முறையும் இருக்கிறது. கனவைப் பகலில் ஒரு தாளில் எழுதி, அதன் முடிவை உங்கள் இஷ்டப்படி மாற்றி, மாற்றிய கதையை மட்டும் தினமும் சிறிது நேரம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. அமெரிக்க மருத்துவர் பேரி க்ராகோவும் குழுவினரும் பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் இதைச் சோதித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன, தூக்கமும் சீரானது. அவ்வளவு கொடிய காயத்துக்கே உதவிய முறை இது. ஹால் டிக்கெட் சட்டைப் பையிலேயே இருப்பதாக எழுதிக்கொள்ளலாம். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, நான் இதை எப்போதோ எழுதி முடித்துவிட்டேன் என்று சொல்லி எழுந்து வெளியே வருவதாகவும் எழுதலாம்.

பிள்ளைகளுக்கு

இந்தக் கனவைக் காணும் அப்பாக்களும் அம்மாக்களும்தான் இன்று பத்தாவது, ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர். தங்களை இன்னும் தூங்கவிடாத பயத்தையே பிள்ளையின் பகலில் கொண்டுபோய் வைக்கிறார்கள். பிப்ரவரி வந்தால் டிவி இணைப்பைத் துண்டிப்பது, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போகாமல் வீட்டை மௌனமாக்குவது, பரீட்சை முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் “எவ்வளவு வரும்?” என்று கேட்டபடி கேள்வித்தாளைக் கையில் வாங்குவது. பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை நாற்பது வயதில் காணப்போகும் கனவுக்கு அன்றைக்கே இடம் தயாராகிறது.

பொதுத்தேர்வுக்கு முன்னால் ஓர் இரவு, சாப்பிட்டு முடித்த பிறகு, உங்கள் கனவைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். கேட் சாத்தியது, நம்பர் இல்லாதது, மை வராதது எல்லாவற்றையும் சொல்லுங்கள். இவ்வளவு பயந்த நான்தான் இதோ உன் எதிரே உட்கார்ந்து சோறு தின்கிறேன் என்று சொல்லுங்கள். மதிப்பெண் குறைந்தால் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்பதை ரிசல்ட் வந்த பிறகு சொல்லாதீர்கள், முன்பே சொல்லிவிடுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடைத்தாளைக் கொடுக்கும்போது மதிப்பெண்ணை வகுப்புக்குக் கேட்க வாசிக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள், போதும்.

பேச ஆள் இல்லாமல் தவிக்கும் மாணவர்களும் பெற்றோரும் எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. தேசிய மனநல உதவி எண் 14416. இரண்டிலும் தமிழில் பேசலாம்.